ஆயில் எங்கிருந்து கசிகிறது? வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஒரு டிபக்கிங்

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இரண்டு வகை பக் உண்டு. ஒன்று, புரோகிராமை அப்படியே நிறுத்திவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எந்த வரியில் நின்றது என்று திரையிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலக் காட்டிக்கொண்டே மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும். இதற்கு மெமரி லீக் என்று பெயர். கம்ப்யூட்டர் திணறும்போதுதான் விஷயமே வெளியே வரும்.

விமான என்ஜினில் வரும் ஆயில் லீக்கும் இந்த இரண்டாவது ரகம்தான். என்ஜின் ஓடும். மீட்டர்கள் எல்லாம் பச்சைக் கோட்டுக்குள் இருக்கும். ஆனால் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ஆயில் பிசுபிசுக்கும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு லீக்கை ஸ்பிரெட்ஷீட், மொபைல் போன் கேமரா, விலை குறைந்த ஒரு யு.எஸ்.பி. எண்டோஸ்கோப், ஒரு டப்பா வெள்ளைப் பவுடர் ஆகியவற்றை வைத்துப் பிடித்த கதைதான் இந்தக் கட்டுரை. விமானம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டு பைக்குக்கும் இதே வழிமுறை அப்படியே பொருந்தும்.

வீட்டில் விமானமா?

ஆமாம். அமெரிக்காவில் தனிநபர்கள் தங்கள் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. இதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான். விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ சொந்தக்காரரே செய்திருக்க வேண்டும். இதை 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள்.

1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கிய இ.ஏ.ஏ. என்ற சங்கம் இப்படிப்பட்டவர்களுக்கான தாய் வீடு. ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் ஆஷ்காஷ் என்ற ஊரில் இவர்கள் நடத்தும் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. பாகங்களைக் கிட்டாக விற்கும் கம்பெனிகளும் உண்டு. 1973-ல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் இவற்றில் முக்கியமானது. அதன் ஆர்.வி. வரிசை விமானங்கள் மட்டுமே 11 ஆயிரத்துக்கும் மேல் கட்டிப் பறக்கவிடப்பட்டிருக்கின்றன.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவன். புராஜெக்ட் விஷயமாக விஸ்கான்சினில் இருந்தபோது, எங்கள் டீமில் இருந்த சீனியர் ஒருவர் எட்டு வருடமாக ஒரு இரண்டு சீட் விமானம் கட்டிவருகிறார் என்று தெரிந்தது. பழைய என்ஜின் ஒன்றை வாங்கி, தானே முழுதாகப் பிரித்து, புது சிலிண்டரும் பிஸ்டன் ரிங்குகளும் போட்டு அசெம்பிள் செய்திருந்தார். சனிக்கிழமைகளில் அவருடைய ஹேங்கரில் டார்ச் பிடிப்பது என் வேலை ஆயிற்று.

புதிதாகக் கட்டிய விமானத்துக்கு முதலில் சோதனைப் பறத்தல் உண்டு. பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம். அது முடியும்வரை பயணிகளை ஏற்றக்கூடாது. சீனியருக்கு 40 மணி நேரம். அதில் 12 மணி நேரம் முடிந்தபோதுதான் விமானத்தின் அடிப்பக்கம் மூக்கிலிருந்து வால் வரை ஆயில் படலம் தெரிய ஆரம்பித்தது. இறங்கி நிறுத்தினால் தீய்ந்த எண்ணெய் வாடை. முதல் பயணியாக உட்கார வேண்டிய அவருடைய மனைவி ஹேங்கருக்கு வந்து குனிந்து பார்த்தார். "எட்டு வருஷம் காத்திருந்தேன், இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் சொட்டுகிற வண்டியில் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கொஞ்சம் ஆயில்தானே, என்ன ஆபத்து?

இந்த அளவு விமானங்களில் பரவலாக இருப்பது லைகமிங் ஓ-320 வகை என்ஜின். 320 கன அங்குலம், அதாவது சுமார் 5.2 லிட்டர். 150 அல்லது 160 குதிரைத்திறன். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருக்கும். தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையாது, காற்றால் குளிர்விக்கப்படுவது. சீனியருடையதும் இதே அமைப்புதான்.

இதன் ஆயில் தொட்டி 8 குவார்ட் பிடிக்கும். ஏறக்குறைய ஏழரை லிட்டர். இந்த ஆயில் உராய்வைக் குறைப்பதோடு, வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றும் வேலையையும் செய்கிறது. காரில் ஆயில் தீர்ந்தால் ரோட்டோரமாக நிறுத்தலாம். மூவாயிரம் அடி உயரத்தில் ரோட்டோரம் கிடையாது.

அதைவிட உடனடியான ஆபத்து வேறொன்று. எக்ஸாஸ்ட் பைப்புகள் சிலிண்டர்களுக்கு நேர் கீழே ஓடுகின்றன. மேலிருந்து சொட்டும் ஆயில் விழும் இடம் அதுதான். வாடையும் புகையும் அதனால்தான் வருகின்றன. நேரம் சரியில்லை என்றால் நெருப்பும் வரும்.

அதே சமயம் பார்த்ததும் பதறவும் கூடாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் என்பது 5 மி.லி. அது 5 மைக்ரான் தடிமனில் காற்றால் பரத்தப்பட்டால் 1 சதுர மீட்டர் பரப்பை மூடிவிடும். பறக்கும்போது அடிக்கும் காற்றில் ஆயில் இப்படித்தான் பரவுகிறது. ஆகவே வயிறு முழுக்க ஆயில் என்றால் லிட்டர் கணக்கில் போகிறது என்று அர்த்தம் இல்லை. கண்ணுக்குத் தெரிவதை நம்ப வேண்டாம். அளந்து பார்க்க வேண்டும்.

முதல் படி: ஸ்பிரெட்ஷீட்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எக்ஸெலைத் திறந்தோம். லிப்ரே ஆஃபீஸ் கால்க் இருந்தாலும் போதும். ஐந்தே காலம்கள்:

1. தேதி
2. என்ஜின் ஓடிய மொத்த மணி நேரம்
3. டிப்ஸ்டிக் காட்டும் ஆயில் அளவு
4. ஊற்றிய ஆயில்
5. குறிப்பு

டிப்ஸ்டிக்கை எப்போது பார்ப்பது என்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். என்ஜினை நிறுத்தியதும் பார்த்தால் மேலே தங்கியிருக்கும் ஆயில் இன்னும் கீழே வந்திருக்காது. அளவு குறைவாகக் காட்டும். ஆகவே காலையில், முதல் ஓட்டத்துக்கு முன், சமதளத் தரையில் மட்டுமே அளப்பது என்று முடிவு செய்தோம்.

சீனியர் தன் நோட்டில் ஏற்கெனவே குறித்துவைத்திருந்தவற்றையும் சேர்த்து கிராஃப் போட்டபோது வேடிக்கையான ஒன்று தெரிந்தது. 8 குவார்ட் நிரப்பிய பிறகு அது 7-க்கு இறங்க இரண்டு மணி நேரமே ஆனது. ஆனால் 7-லிருந்து 6-க்கு இறங்க ஆறு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு முறை நிரப்பியபோதும் இதே கதை. கோடு முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு சாய்வாகப் போகிறது.

ஓட்டை மட்டும்தான் காரணம் என்றால் ஆயில் எப்போதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் குறைய வேண்டும். தொட்டி நிறைந்திருக்கும்போது மட்டும் வேகமாகக் குறைகிறது என்றால் பிரச்சினை ஒன்றல்ல, குறைந்தது இரண்டு. இந்த ஒரு முடிவுக்காகவே ஸ்பிரெட்ஷீட்டுக்கு நன்றி சொல்லலாம்.

அடுத்து, விமானத்தின் டிஜிட்டல் மீட்டர். டைனான், கார்மின் போன்ற நவீனக் கருவிகள் என்ஜினின் ஆர்.பி.எம்., ஆயில் பிரஷர், ஆயில் வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவு செய்துகொண்டே வரும். அதை மெமரி கார்டு அல்லது பென் டிரைவ் வழியாக சி.எஸ்.வி. ஃபைலாக எடுத்து எக்ஸெலில் திறக்கலாம். எடுத்துப் பார்த்தோம். பிரஷர் கோடு கொஞ்சமும் அசையவில்லை.

இதைப் பார்த்து லீக் இல்லை என்று சொல்லிவிட முடியாது. என்ஜினுக்குள் ரிலீஃப் வால்வு என்று ஒன்று இருக்கிறது. பம்ப் அனுப்பும் ஆயிலில் தேவைக்கு மேற்பட்டதை அது தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். சின்னக் கசிவு இருந்தால் வால்வு சற்றுக் குறைவாகத் திருப்பி அனுப்பிச் சமாளித்துவிடும். மீட்டரில் எதுவும் தெரியாது. பெரிய ஓட்டை இல்லை என்ற ஆறுதல் மட்டுமே இந்த கிராஃபில் கிடைக்கும்.

இரண்டாம் படி: சுத்தம்

அழுக்கு என்ஜினில் லீக் தேடுவது, ஆயிரம் வார்னிங்குகளுக்கு நடுவே ஒரு எர்ரரைத் தேடுவது போல. முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, மேக்னெட்டோ, ஆல்டர்னேட்டர் போன்ற மின்சார பாகங்களை பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினோம். மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானைத் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தோம். தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் வாஷரை இங்கே பயன்படுத்தக் கூடாது. சீல்களின் இடுக்கில் தண்ணீர் புகுந்தால் ஒரு பிரச்சினை இரண்டாகும்.

சுத்தம் செய்ததும் போன் கேமராவில் பன்னிரண்டு கோணங்களில் படம் எடுத்தோம். எந்த இடத்தில் நின்று, எந்த உயரத்தில் எடுத்தோம் என்பதைத் தரையில் டேப் ஒட்டி அடையாளம் செய்துவைத்தோம். பிறகு எடுக்கும் படங்களை இவற்றோடு மாற்றி மாற்றிப் பார்த்தால் புதிதாக வந்த கறை தானாகக் கண்ணில் படும். ஃபைல் பெயரில் என்ஜின் மணி நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து எது எப்போது எடுத்தது என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: வெள்ளைப் பவுடர்

வெல்டிங்கில் விரிசல் பார்ப்பவர்கள் டெவலப்பர் என்று ஒரு ஸ்பிரே வைத்திருப்பார்கள். தெளித்தால் சில நிமிடத்தில் காய்ந்து மெல்லிய வெள்ளைப் பவுடராகப் படியும். ஆயில் துளியளவு பட்டாலும் அந்த இடம் கருத்துவிடும். டெவலப்பர் கிடைக்காவிட்டால் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயும் உதவும்.

பவுடர் அடித்து, என்ஜின் மூடியைக் கழற்றிவைத்து, விமானத்தைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு கறையும் இல்லை. அடுத்த முறையும் இல்லை. "என் மெஷினில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று புரோகிராமர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

காரணம் எளிது. ஐந்து நிமிட ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. சூடு ஏறினால்தான் ஆயில் தண்ணீர் போல இளகும். உலோகமும் ரப்பரும் வெவ்வேறு அளவில் விரியும். ஒளிந்திருக்கும் இடைவெளி அப்போதுதான் திறக்கும். பக் எந்தச் சூழ்நிலையில் வருகிறதோ அதே சூழ்நிலையில்தான் சோதிக்க வேண்டும். மூடியை மாட்டி, சீனியர் தனியாக விமான நிலையத்தைச் சுற்றி இருபது நிமிடம் பறந்துவிட்டு வந்தார். இறங்கியதும் மூடியைக் கழற்றினோம். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

நான்காம் படி: கோட்டைப் பின்தொடருங்கள்

கறை அதிகமாக இருந்தது என்ஜினுக்குப் பின்னால், அடிப்பகுதியில். அங்கேதான் ஆயில் ஃபில்டரும் மேக்னெட்டோவும் இருக்கின்றன. யாராக இருந்தாலும் அவற்றின் மேல்தான் சந்தேகப்படுவார்கள்.

ஆனால் மூடிக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். முன்பக்கம் இருக்கும் இரண்டு வாய்களில் நுழைந்து, சிலிண்டர்களுக்கு மேலே பரவி, தகடுகளுக்கு நடுவே கீழே இறங்கி, பின்பக்கம் அடியில் வெளியேறுகிறது. ஆயிலும் அதே வழியில்தான் போகும். ஆகவே ஈரத்தின் மேல்நுனியும் முன்நுனியும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆரம்பம் இருக்கும். அதிகம் நனைந்த இடம் என்பது ஆயில் போய்ச் சேர்ந்த இடம் மட்டுமே.

டர்போ சி-யில் புரோகிராம் எழுதியவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு செமிகோலன் விட்டுப்போனால் ஐம்பது எர்ரர் வரும். முதல் எர்ரரைத் திருத்தினால் மற்ற நாற்பத்தொன்பதும் மறைந்துவிடும்.

முகமும் கையும் நுழையாத இடங்களுக்கு யு.எஸ்.பி. எண்டோஸ்கோப்பை நுழைத்தோம். நுனியில் சிறு கேமராவும் எல்.இ.டி.யும் உள்ள வயர் இது. போனிலோ லேப்டாப்பிலோ செருகினால் படம் நேரடியாகத் தெரியும். கூடவே ஒரு அல்ட்ரா வயலெட் டார்ச். இருட்டில் அடித்தால் ஆயில் மங்கலாக ஒளிரும். இன்னும் பளிச்சென்று தெரிய ஆயிலில் கலக்கும் சாயமும் உண்டு; ஆனால் விமான என்ஜினுக்கு என்று அனுமதிக்கப்பட்டதை மட்டுமே ஊற்ற வேண்டும். எங்களுக்குப் பவுடரே போதுமானதாக இருந்தது.

பிடிபட்ட மூன்று குற்றவாளிகள்

முதல் குற்றவாளி: ராக்கர் கவர். ஒவ்வொரு சிலிண்டரின் நுனியிலும் வால்வுகளை இயக்கும் ராக்கர் ஆர்ம்களை மூடியபடி ஒரு தகட்டு மூடி இருக்கும். அதற்கு அடியில் கார்க் கேஸ்கெட். நம் ஊர் மெக்கானிக் 'பேக்கிங்' என்று சொல்வது இதைத்தான். முன்னால் இடப்பக்கம் உள்ள 2-ஆம் சிலிண்டரின் மூடியிலிருந்து முதல் கோடு புறப்பட்டது. துளி தெரிந்தபோதெல்லாம் சீனியர் ஸ்குரூவை இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருக்கிறார். இறுக்க இறுக்க ஸ்குரூ இருக்கும் இடத்தில் தகடு உள்ளே வளைந்து, இரண்டு ஸ்குரூவுக்கு நடுவில் மேலே தூக்கிக்கொண்டது. கார்க் பிதுங்கிவிட்டது. அதாவது, இறுக்கியதால்தான் லீக் அதிகமாகியிருக்கிறது. மூடியின் விளிம்பைக் கண்ணாடிப் பலகையில் வைத்துச் சமம் பார்த்து நேராக்கி, சிலிகோன் கேஸ்கெட் போட்டு, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கினோம்.

இரண்டாவது குற்றவாளி: டிரெயின் பேக் டியூப். லைகமிங் அமைப்பில் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. புஷ் ராடுகளும் சிலிண்டருக்கு மேற்புறம் ஓடுகின்றன. அதனால் ராக்கர் பெட்டிக்கு வந்த ஆயில் தொட்டிக்குத் திரும்ப, அடிப்பக்கம் தனிக் குழாய் ஒன்று உண்டு. சிலிண்டருக்கு ஒன்று வீதம் நான்கு. ஒவ்வொன்றும் சிறு ரப்பர் ஹோஸாலும் இரண்டு கிளாம்ப்பாலும் தொட்டியோடு இணைகிறது. பின்னால் வலப்பக்கம் உள்ள 3-ஆம் சிலிண்டரின் ஹோஸில் ஒரு கிளாம்ப் கோணலாக, பாதி வெளியே உட்கார்ந்திருந்தது. எக்ஸாஸ்ட் பைப் மறைத்ததால் கண்ணால் பார்க்க முடியவில்லை, எண்டோஸ்கோப்பில்தான் தெரிந்தது. இந்தக் குழாயில் பிரஷர் கிடையாது, ஆயில் தானாக வடிந்து ஓடுவதுதான். அதனால்தான் ஆயில் இளகிய பிறகு மட்டும் கசிந்திருக்கிறது. தீய்ந்த வாடைக்கும் இதுவே காரணம். இந்த ஹோஸுக்குப் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் பைப் போகிறது. ஒன்று கெட்டால் மற்றவையும் சந்தேகத்துக்குரியவையே. நான்கு ஹோஸையும் எட்டு கிளாம்ப்பையும் புதிதாகப் போட்டார்.

மூன்றாவது, குற்றவாளியே இல்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு என்ஜினுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடாமல் வெளியே போக பிரீதர் என்ற குழாய் உண்டு. தொட்டியில் ஆயில் விளிம்புவரை இருந்தால், சுழலும் பாகங்கள் அடிக்கும் அடியில் தெறிக்கும் ஆயிலும் அந்த வாயுவோடு வெளியேறிவிடும். ஸ்பிரெட்ஷீட்டில் பார்த்த செங்குத்துக் கோடு இதுதான். தொட்டி 8 குவார்ட் பிடிக்கிறது என்பதற்காக 8 ஊற்ற வேண்டியதில்லை. பல என்ஜின்கள் ஆறு, ஏழு குவார்ட்டில் நிம்மதியாக நின்றுகொள்ளும். சீனியர் 7-ல் நிறுத்திக்கொண்டார்.

பிரீதர் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் வழியே வரும் வாயுவில் நீராவி இருக்கும். விஸ்கான்சின் குளிரில் அது குழாயின் வாயிலேயே உறைந்து அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புரொபெல்லருக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆயில் சீலையே வெளியே தள்ளிவிடும். பிறகு ஆயில் முழுதும் போக அதிக நேரம் ஆகாது. அதற்காகவே குழாயின் மேற்பகுதியில், மூடிக்குள் சூடான இடத்தில், ஒரு சிறு திறப்பு வைக்கிறார்கள். நுனி அடைத்தாலும் வாயு அந்த வழியே போய்விடும். எட்டணா செலவில்லாத ஒரு பேக்கப்!

விடுதலையானவர்கள்

எல்லாச் சந்தேக இடங்களையும் ஒரு பட்டியலாகப் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். புஷ் ராடு குழாய்களின் சீல், தொட்டி கேஸ்கெட், மேக்னெட்டோ கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், கூலருக்குப் போகும் ஹோஸ்கள், பிரஷர் சென்சார், சிலிண்டர் அடி ஓ-ரிங், புரொபெல்லர் பக்கத்து சீல் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. முன்பக்கச் சீலில் கசிவு என்றால் கண்ணாடியில் ஆயில் புள்ளிகள் தெரியும், அதுவும் இல்லை.

இந்தப் பட்டியலில் என்னை ஆச்சரியப்படுத்தியது என்ஜினின் இரண்டு பாதிகளும் சேரும் கோடு. அங்கே கேஸ்கெட்டே கிடையாது. மெல்லிய சீலன்ட் பூச்சின் மேல் பட்டு நூலை ஓட்டி, இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். சேலையில் இருக்கும் அதே பட்டுதான். தடிமனான கேஸ்கெட் வைத்தால் பேரிங்குகளின் இடைவெளி மாறிவிடும். நூல் என்றால் அந்தக் கவலை இல்லை. அந்தக் கோட்டில் ஒரு துளிகூட இல்லை.

இவற்றைச் செய்யாதீர்கள்

* லீக் இருக்கும் இடத்தின் மேல் சிலிகோன் பேஸ்டை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கிய துணுக்கு உடைந்து, ஆயில் வழியையோ வடிகட்டியையோ அடைத்தால் என்ஜினே போய்விடும்.
* ஆயில் லைன் மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். காரணம் அதேதான். அதற்கென்று உள்ள பேஸ்ட் சீலன்ட்டை, முதல் மரையை விட்டுவிட்டு மெல்லியதாகத் தடவினால் போதும்.
* நசுங்கி அடைக்கும் செப்பு வாஷரைக் கழற்றினால் மறுபடி போடாதீர்கள். ஒரு முறை நசுங்கியது இன்னொரு முறை ஒழுங்காக நசுங்காது.
* கைக்கணக்கில் இறுக்காதீர்கள். ஆயில் ஃபில்டரின் மேலேயே எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். இறுக்கிய பிறகு பாதுகாப்புக் கம்பி கட்டுவது கட்டாயம்.
* ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்யாதீர்கள். லீக் நின்றாலும் எது நிறுத்தியது என்று தெரியாது. நாங்கள் ஒரு மாற்றம், ஒரு பறத்தல், ஒரு செட் படம் என்றே போனோம்.
* புரொபெல்லர் அருகே போகும்போது ஸ்விட்ச் ஆஃப் என்பதை நம்பாதீர்கள். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. ஒரு வயர் துண்டித்திருந்தாலும், கையால் சற்றுத் திருப்பினாலே என்ஜின் கிளம்பிவிடலாம்.

வீட்டில் கட்டிய விமானத்தில் இந்த வேலைகளைச் சொந்தக்காரர் செய்யலாம். கட்டியவரே விண்ணப்பித்து, ஆண்டுச் சோதனை செய்யும் சான்றிதழும் பெறலாம். கம்பெனி விமானங்களில் இத்தகைய பெரும்பாலான வேலைகளுக்கு உரிமம் பெற்ற மெக்கானிக்தான் வேண்டும். எதுவானாலும் செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

சரியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

மூன்றையும் சரிசெய்த பிறகு 7-லிருந்து 6-க்கு இறங்க பதின்மூன்று மணி நேரம் ஆயிற்று. முன்பு ஆறு. வெற்றி என்று குதித்துவிடலாமா? கூடாது. புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு பழகும்வரை ஆயிலைக் கொஞ்சம் எரிக்கும். நாளாக ஆக அது தானாகக் குறையும். லைகமிங்கும் முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு நிலைக்கும்வரை, சாதாரண மினரல் ஆயில் போடச் சொல்வது இதனால்தான். ஆகவே இந்த எண்ணில் எவ்வளவு நம் வேலை, எவ்வளவு ரிங்குகளின் வேலை என்று பிரிக்க முடியாது.

அதனால் மறுபடியும் பவுடர் அடித்து, அதே இருபது நிமிடப் பறத்தல், பன்னிரண்டு கோணப் படங்கள். பிறகு இரண்டு மணி நேரப் பறத்தல். இரண்டு முறையும் 2-ஆம் சிலிண்டர் மூடியும் 3-ஆம் சிலிண்டர் ஹோஸும் வெள்ளையாகவே இருந்தன. இதுதான் சாட்சி. கிராஃபும் படமும் ஒரே கதையைச் சொன்னால்தான் பக்கை மூடலாம்.

40 மணி நேரம் முடிந்த வாரம் சீனியரின் மனைவி ஹேங்கருக்கு வந்தார். படங்களையும் ஸ்பிரெட்ஷீட்டையும் லேப்டாப்பில் காட்டினோம். பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து விமானத்தின் அடிப்பக்கத்தை முழுநீளத்துக்குத் துடைத்தார். பிரீதருக்கு நேர் பின்னால் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஒட்டியது. "இது?" என்றார். பிரீதர் என்றால் என்ன, அது ஏன் வரத்தான் செய்யும் என்று சீனியர் பத்து நிமிடம் விளக்கினார். அதன் பிறகு அவர் ஹெட்செட்டை வாங்கிக்கொண்டார்.

உங்கள் பைக்குக்கு

பைக்கின் அடியில் சொட்டு விழுகிறதா? ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

1. என்ஜின் ஆறிய பிறகு சுத்தமாகத் துடையுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள்.
2. சந்தேகமான இடங்களில் மெல்லியதாகப் பவுடர் தூவுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம்.
3. வழக்கமாகப் போகும் தூரத்துக்கு ஓட்டிவிட்டு வாருங்கள். ஸ்டாண்டு போட்டு இரண்டு நிமிடம் ஓட்டினால் போதாது.
4. அதே கோணங்களில் மறுபடி படம் எடுங்கள். ஈரத்தின் மேல்நுனியையும் முன்நுனியையும் தேடுங்கள்.
5. ஆயில் அளவையும் கிலோமீட்டரையும் ஒரு ஷீட்டில் வாராவாரம் குறியுங்கள்.

இந்தப் படங்களோடு மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, இந்த இடத்திலிருந்துதான் வருது" என்று காட்டினால் அவருக்கு வேலை மிச்சம். முழு என்ஜினையும் இறக்கி எல்லா பேக்கிங்கையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சும் வராது. ஸ்குரூவை இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கலாம் என்று கை பரபரத்தால், அதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.